டபுள் மார்க்கர், என்ஐபிடி, பனிக்குட நீர்: எந்தப் பரிசோதனை எங்கே பார்க்கிறது?

போன தை மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு மதுரையிலிருந்து தங்கை கூப்பிட்டாள். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவளுக்கு வயது 34, முதல் பிள்ளை, பன்னிரண்டு வாரம் முடிந்து நாலு நாள். கையில் டபுள் மார்க்கர் என்னும் பரிசோதனையின் ரிப்போர்ட். அதில் சிவப்புக் கட்டத்துக்குள் “ஹை ரிஸ்க்” என்றும், கீழே 1:180 என்றும் போட்டிருந்தது.

“குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம்னு வந்திருச்சுக்கா” என்றாள்.

டவுன் சிண்ட்ரோம் என்பது குழந்தையின் வளர்ச்சியையும் அறிவுத்திறனையும் பாதிக்கும் ஒரு பிறவி நிலை. ஆனால் ரிப்போர்ட்டில் அப்படி வரவில்லை. இதே எண் வந்த 180 தாய்மார்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்தால் ஒருத்தியின் கருவில் அது இருக்கும், 179 பேரின் கருவில் இருக்காது. அந்த எண்ணுக்குப் பொருள் அவ்வளவுதான். அதைச் சொல்லி அவளைத் தூங்க வைத்தேன். நான் தூங்கவில்லை. பள்ளியில் 22 வருடமாக விலங்கியல் நடத்துகிறேன். முட்டையும் விந்தும் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேனோ தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு கோடு தவறினால் அதை வயிற்றுக்கு வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. மறுநாள் மருத்துவர் அவள் முன்னால் மூன்று வழி வைத்தார்: என்ஐபிடி ரத்தப் பரிசோதனை, நச்சுக்கொடித் திசு எடுக்கும் சிவிஎஸ், பனிக்குட நீர் எடுக்கும் ஆம்னியோசென்டெசிஸ். எதுவும் செய்யாமல் விடுவது நாலாவது வழி. ஒரு வாரம் உட்கார்ந்து இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தோம். இதே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ராத்திரி முழித்திருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

தவறு எங்கே நடக்கிறது என்று தெரிந்தால்தான் பரிசோதனைகளின் வித்தியாசம் புரியும். நம் செல்லில் 46 குரோமோசோம், 23 ஜோடி. முட்டையும் விந்தும் உருவாகும்போது ஜோடி பிரிந்து ஆளுக்கு 23 போக வேண்டும். ஒரு ஜோடி பிரியாமல் இரண்டுமே ஒரே பக்கம் போய்விட்டால் அந்த முட்டையில் 24. அது கருவானால் 47. இருபத்தொன்றாவது குரோமோசோம் மூன்றாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம், பதினெட்டாவது என்றால் எட்வர்ட்ஸ், பதிமூன்றாவது என்றால் படாவ். மற்ற பல குரோமோசோம்களில் இது நடந்தால் கரு நிற்பதே இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் இந்தக் குரோமோசோம் எண்ணிக்கைப் பிசகுதான். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் ‘குரோமோசோம் பிரியாமை’. அமெரிக்க மரபியலாளர் கால்வின் பிரிட்ஜஸ் பழ ஈயில் இதை 1916இல் விரிவாக நிறுவினார். டவுன் சிண்ட்ரோமுக்கு மூன்றாவது 21தான் காரணம் என்பது 1959இல் பாரிஸிலிருந்து வெளிவந்தது.

ஏன் பிரியாமல் போகிறது? இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் பூப்படையும்போது உருவாவதில்லை. அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குன்றல் பகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. தொடங்கி, பாதியில் நின்று, காத்திருக்கின்றன. தங்கையின் இந்தப் பிள்ளைக்கான முட்டை எங்கள் அம்மாவின் வயிற்றில் உருவாகி 34 வருடம் அப்படியே நின்றிருந்தது. அத்தனை வருடமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹெசின் என்னும் வளையம் போன்ற புரதம். எலிகளில் செய்த ஆய்வுகளின்படி, பிறப்பதற்கு முன் போட்ட இந்த வளையங்கள் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை. காலம் போகப் போகப் பிடி தளர்கிறது. கடைசியில் முட்டை பிரியும் நாளில், முன்பே அவிழ்ந்துபோன ஜோடிகள் தாறுமாறாக இழுபடுகின்றன. டவுன் சிண்ட்ரோமில் சுமார் பத்தில் ஒன்பதுக்குக் கூடுதல் குரோமோசோம் தாயின் முட்டையிலிருந்து வருவதும், வயது ஏற ஏற வாய்ப்பு ஏறுவதும் பெரும்பாலும் இதனால்தான் என்று கருதுகிறார்கள். 30 வயதில் சுமார் 900க்கு ஒன்று, 35இல் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று.

இதைத் தங்கையின் மாமியாரிடம் நான் தனியாக உட்கார்ந்து சொன்னேன். பப்பாளி சாப்பிட்டதாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, வேலைக்குப் போய் வந்ததாலோ இது வருவதில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ஒரு காரியத்துக்கு அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு விதத்திலும் தவறு நடக்கலாம். முட்டை சரியாகவே இருந்து, கருவான பின் சாதாரண செல் பிரிதலில் ஏதோ ஒரு செல் பிசகலாம். அப்போது உடம்பின் ஒரு பகுதிச் செல்களில் 47, மீதியில் 46. இதை மொசைக் என்பார்கள். பிசகு நச்சுக்கொடியில் மட்டும் இருந்து குழந்தை சரியாக இருக்கலாம், அரிதாக இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைகளைத் தரம் பிரிப்பதே இதுதான்.

டபுள் மார்க்கர் குரோமோசோமைப் பார்ப்பதே இல்லை. 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை செய்யும் என்டி ஸ்கேனில் குழந்தையின் பிடரித் தோலுக்கு அடியில் தேங்கிய நீரை அளக்கிறார்கள். நச்சுக்கொடி தாயின் ரத்தத்தில் விடும் இரண்டு பொருள்களின் அளவை, பாப்-ஏ, பீட்டா எச்சிஜி, எடுக்கிறார்கள். வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஓர் எண்ணைத் தருகிறார்கள். நிழலைப் பார்த்து ஆள் யாரென்று சொல்வது மாதிரிதான். ஆனாலும் மோசமில்லை, பாதிக்கப்பட்ட பத்துக் கருக்களில் ஏறக்குறைய ஒன்பதைப் பிடித்துவிடும். அதற்கு விலையாக, பாதிப்பில்லாத நூறு பேரில் ஐந்து பேரைப் பயமுறுத்தும். பல லேப்களில் எல்லைக்கோடு 1:250. தங்கையின் 1:180 அதைத் தாண்டியதால் சிவப்புக் கட்டம். அவளுக்கு என்டி 1.9 மில்லிமீட்டர், மூக்கெலும்பும் தெரிந்தது. இரண்டும் நல்ல செய்தி. வீட்டில் யாரும் அந்த வரியைப் படிக்கவே இல்லை.

பதினைந்து வாரத்துக்கு மேல் எடுக்கும் குவாட்ரபிள் டெஸ்ட்டும் இதே வகைதான், கொஞ்சம் மங்கலான நிழல். டபுள் மார்க்கருக்கான நாளைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும்.

என்ஐபிடி ஒரு படி உள்ளே போகிறது. தாயின் ரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏ துண்டுகள் மிதக்கின்றன என்று மருத்துவ விஞ்ஞானி டென்னிஸ் லோவின் குழு 1997இல் காட்டியது. 2011இலிருந்து பரிசோதனையாக விற்பனையில் இருக்கிறது. பத்தாவது வாரத்திலிருந்து எடுக்கலாம், ஒரு குழாய் ரத்தம் போதும். இதில் நடப்பது எண்ணுவது. மிதக்கும் துண்டுகளில் பத்தில் ஒரு பங்கு கருவினுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவில் 21 மூன்றாக இருந்தால், 21ஆம் குரோமோசோம் துண்டுகள் நூறு இருக்க வேண்டிய இடத்தில் 105 இருக்கும். லட்சக்கணக்கான துண்டுகளை எண்ணி அந்த ஐந்தைப் பிடிக்கிறார்கள். கருவின் பங்கு நாலு சதவீதத்துக்குக் கீழே போனால் பல லேப்கள் முடிவு சொல்லாது. உடல் எடை அதிகமுள்ள தாய்மார்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாக நேர்கிறது, மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டிவரும்.

விளம்பரத் தாளில் 99 சதவீதம் என்று போட்டிருக்கும். அது பொய்யில்லை, டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு கருக்களில் 99ஐ அது பிடிக்கும். ஆனால் தாய் கேட்கிற கேள்வி வேறு. ‘எனக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் அது எவ்வளவு உண்மை?’ என்பதுதான் அவள் கேள்வி. அதற்கு 99 பதில் இல்லை. ஆயிரம் பேரில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது வயதுக்காரர்கள் 9,000 பேர். அவர்களில் பத்துக் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம். டபுள் மார்க்கர் அதில் ஒன்பதைப் பிடிக்கும், கூடவே 450 பேரை வீணாக அழ வைக்கும். என்ஐபிடி பத்தையும் பிடித்துவிடும் என்றே கொள்வோம், வீணாக மாட்டுவது ஒன்பது பேர். ஆக முப்பது வயதில் என்ஐபிடி பாசிட்டிவ் என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். அதே 9,000 பேருக்கு வயது நாற்பது என்றால் உண்மையான பாசிட்டிவ் 89, தவறானது 9. எண்களைக் கொஞ்சம் மாற்றினால் விடையும் மாறும். ஆனால் பாசிட்டிவ் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி ஒரு கருவைக் கலைக்கக் கூடாது என்பது எந்த வயதிலும் மாறாது.

தங்கையின் நிலையில் 1,800 பேர் என்றால் பத்துக் கரு பாதிப்புள்ளது, தவறான பாசிட்டிவ் இரண்டு. பாசிட்டிவ் வந்தால் பன்னிரண்டுக்குப் பத்து உண்மை. நெகட்டிவ் வந்தால் 180க்கு ஒன்று என்பது சுமார் 18,000க்கு ஒன்றாகக் குறையும். இந்தக் கடைசி எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினபோதுதான் அவள் முதல் தடவையாகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பிசகு இல்லாத கருவுக்கும் ஏன் பாசிட்டிவ் வருகிறது? கருவின் டிஎன்ஏ என்று நாம் சொன்னது உண்மையில் நச்சுக்கொடியின் டிஎன்ஏ. முட்டையிலேயே தவறு நடந்திருந்தால் நச்சுக்கொடியும் குழந்தையும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், என்ஐபிடி சரியாகச் சொல்லும். பின்னால் நடந்த மொசைக் என்றால் நச்சுக்கொடி ஒன்று சொல்லும், குழந்தை வேறாக இருக்கும். இரட்டைக் கருவில் ஒன்று முன்பே மறைந்துபோயிருந்தாலும் கணக்குப் பிசகும்.

சிவிஎஸ்ஸிலும் எடுப்பது நச்சுக்கொடித் திசுதான். பதினோராம் வாரத்திலிருந்தே செய்யலாம் என்பது அதன் பெரிய பலம். ரத்தத்தில் மிதக்கும் துண்டை எண்ணாமல் செல்லையே எடுத்துக் குரோமோசோம்களை நேரில் பார்க்கிறார்கள். ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு தடவை மொசைக் குழப்பம் வந்து, கடைசியில் பனிக்குட நீரையும் எடுக்க வேண்டியிருக்கும். ஸ்கேனில் ஏதும் தெரியாமல் என்ஐபிடி மட்டும் பாசிட்டிவ் என்றால், அதே நச்சுக்கொடியிடம் இரண்டாவது தடவை கேட்பதைவிடக் கொஞ்ச நாள் பொறுத்துக் குழந்தையிடமே கேட்பது நல்லது என்பது என் எண்ணம்.

குழந்தையிடம் கேட்பது என்றால் ஆம்னியோசென்டெசிஸ். பதினைந்து வாரம் முடிந்த பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் 15 முதல் 20 மில்லி பனிக்குட நீர் எடுப்பார்கள். அதில் குழந்தையின் தோலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் உதிர்ந்த செல்கள் இருக்கும். 21, 18, 13 மூன்றுக்கும் அவசரப் பதில் இரண்டு மூன்று நாளில் வரும். செல்களை வளர்த்து 46 குரோமோசோமையும் வரிசையாக அடுக்கிப் பார்க்கும் கேரியோடைப்புக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். கூடவே மைக்ரோஅரே என்னும் நுணுக்கமான பரிசோதனையும் செய்தால், குரோமோசோமில் சிறு துண்டு விட்டுப்போயிருந்தாலும் தெரியும். சாதாரண என்ஐபிடியில் அதில் பெரும்பாலானவை தெரியாது.

பயம் கரு கலைவதைப் பற்றித்தான். நூற்றுக்கு ஒன்று என்று இன்னும் பல வீடுகளில் சொல்கிறார்கள். அது பழைய எண். 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஊசியால் கூடுதலாகக் கலைவது பனிக்குட நீருக்கு ஆயிரத்தில் மூன்று அளவுக்கும் சிவிஎஸ்ஸுக்கு ஆயிரத்தில் இரண்டு அளவுக்கும்தான் வந்தது. பழகின கை செய்தால் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஊசிக்குப் பிறகு ஆன்டி-டி என்னும் தடுப்பு மருந்து போட வேண்டும், அதையும் முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள்.

ஆயிரத்தில் ஐந்தோ ஆறோ நோய் வாய்ப்பு, ஆயிரத்தில் மூன்று கலையும் வாய்ப்பு, ஆகவே ஊசி லாபம் என்று தராசில் வைத்துச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எட்டு வருடம் காத்திருந்து உண்டான கருவை இழப்பதும், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையை வளர்ப்பதும் எல்லாத் தாய்க்கும் ஒரே எடைக்கல் இல்லை. எது தனக்குத் தாங்க முடியாதது என்பதை அவளேதான் சொல்ல வேண்டும்.

அதே நேரம், சிலருக்கு என்ஐபிடி வீண் சுற்று. என்டி 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், ஸ்கேனில் இதயத்திலோ வயிற்றுச் சுவரிலோ கோளாறு தெரிந்தால், டபுள் மார்க்கர் எண் 1:10, 1:50 என்று வந்தால், நேராக ஊசிக்குப் போய் மைக்ரோஅரேயும் சேர்த்துச் செய்வதே சரி. அவர்களுக்கு வேறு குரோமோசோம் கோளாறுகளுக்கும் வாய்ப்பு கூடுதல், அவற்றைப் பார்க்காத ஒரு பரிசோதனை நெகட்டிவ் என்று சொல்லிப் பொய்யான நிம்மதி தந்துவிடும். தாய்க்கோ தந்தைக்கோ குரோமோசோம் இடமாற்றம், அதாவது ஒரு குரோமோசோமின் பகுதி இன்னொன்றோடு ஒட்டியிருப்பது, இருந்தாலும் இதே பேச்சுதான். டவுன் சிண்ட்ரோமில் நூற்றுக்கு மூன்று நான்கு இடமாற்றத்தால் வருகிறது, அதற்கும் தாயின் வயதுக்கும் சம்பந்தமில்லை. முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தால் அதன் கேரியோடைப் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் இடமாற்றம் என்று இருந்தால் பெற்றோர் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

காசு, நாள், சட்டம் மூன்றையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். டபுள் மார்க்கரைப் போலப் பல மடங்கு செலவு என்ஐபிடிக்கு. அது பாசிட்டிவ் ஆனால் ஆம்னியோ செலவும் மேலே வரும், இரண்டுக்கும் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, உறுதியான பதிலும் வேண்டும் என்றால் ஆம்னியோதான்.

நாள் கணக்கு இன்னும் கடுமை. பன்னிரண்டாம் வாரத்தில் டபுள் மார்க்கர் எடுத்தவளுக்கு, என்ஐபிடி ரிப்போர்ட் வர ஒன்றரை வாரம் போனாலும் பதினாறில் ஆம்னியோ செய்து பத்தொன்பதில் முழுப் பதில் கிடைத்துவிடும். பதினெட்டில் குவாட்ரபிள் எடுத்தவள் அதே வழியில் போனால் முழுப் பதில் வர இருபத்து மூன்று தாண்டிவிடும். 2021இல் திருத்திய சட்டப்படி கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வரை, விதிகளில் சொன்ன பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள். அதற்கு மேல் கருவில் பெரிய கோளாறு இருக்கிறதென்று மாநில மருத்துவக் குழு சொல்ல வேண்டும். ஆகவே பதினெட்டு வாரத்தில் ஹை ரிஸ்க் வந்தவர்கள் என்ஐபிடியைத் தாண்டி நேராக ஆம்னியோவை யோசிப்பது நல்லது.

குழந்தை ஆணா பெண்ணா என்பதை இந்தப் பரிசோதனைகள் எதிலும் இங்கே சொல்ல மாட்டார்கள், கேட்பதும் குற்றம். இதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: ஊசிப் பரிசோதனைக்கு முன் தாய்க்குப் புரிகிற மொழியில் எழுத்துச் சம்மதம் வாங்கி, அதன் பிரதியை அவளிடம் தர வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள்.

எதுவும் செய்ய வேண்டாம் என்பதையும் ஒரு முழு வழியாகவே நான் மதிக்கிறேன். எந்தப் பதில் வந்தாலும் பெற்றுக்கொள்வேன் என்பவள் ஊசிக்குப் போகத் தேவையில்லை. ஆனால் அவளும் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பத்தொன்பதாம் வார அனாமலி ஸ்கேனையும், குழந்தையின் இதய ஸ்கேனையும் விடக்கூடாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு, பெரும்பாலானது அறுவை சிகிச்சையில் சரியாகும். முன்பே தெரிந்தால் குழந்தைகளுக்கான இதய மருத்துவம் உள்ள இடத்தில் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம். நல்ல மருத்துவம் கிடைக்கும் நாடுகளில் இவர்கள் அறுபது வயது வரை வாழ்கிறார்கள். முடிவெடுக்கும் முன் அப்படிப்பட்ட குழந்தையை வளர்க்கும் ஒரு வீட்டாரிடம் பேசிப் பாருங்கள். சென்னையிலேயே டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. நாங்களும் ஒரு தாயிடம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். எந்த ரிப்போர்ட்டிலும் இல்லாத விஷயங்களை அவர் சொன்னார்: பிள்ளை எத்தனை வயதில் நடந்தான், எந்தப் பள்ளி சேர்த்துக்கொண்டது, எந்த உறவு வீட்டுக்கு வருவதை நிறுத்தியது.

அன்று சாயங்காலம் தங்கை முடிவைச் சொன்னாள். “ஊசிக்குப் பயந்துட்டு இல்லக்கா. என்டி நல்லாத்தானே இருக்கு, நாளும் கையில இருக்கு. முதல்ல ரத்தம் குடுப்போம். பாசிட்டிவ்னு வந்தா பதினாறுல தண்ணி எடுத்துப் பார்த்துட்டுத்தான் எதையும் பேசணும். அதுக்கு முந்தி யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது.”

மாப்பிள்ளையும் சரி என்றார். மறுநாள் காலை ரத்தம் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் லோ ரிஸ்க் என்று வந்தது. அனாமலி ஸ்கேனுக்குப் போட்டிருந்த தேதியை அவள் மாற்றவில்லை.